சினைப்பையை எடுத்தார்கள், மார்புக் கட்டி கரைந்தது: 1895 கிளாஸ்கோ நோயாளி ஒருவரை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

1895ஆம் ஆண்டு மே மாதம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ புற்றுநோய் மருத்துவமனைக்கு 33 வயதுப் பெண் ஒருவர் வருகிறார். கல்யாணமானவர், குழந்தை பெற்றவர். இடது மார்பில் வந்த கட்டியை ஏற்கெனவே அறுத்து எடுத்திருந்தார்கள். அது திரும்பி வந்துவிட்டது. பழைய தழும்பை ஒட்டி, நெஞ்சுச் சுவரோடு பிடித்துக்கொண்டு புதுக் கட்டி வளர்ந்திருந்தது. இனிக் கத்தி வைத்துப் பயனில்லை என்ற நிலை. கதிர்வீச்சு சிகிச்சை அப்போது கிடையாது. ரோன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்ததே அந்த வருடம் நவம்பரில்தான். கீமோதெரபி வர இன்னும் ஏறக்குறைய ஐம்பது வருடம் இருந்தது.

அவரைப் பார்த்த அறுவை மருத்துவர் ஜார்ஜ் தாமஸ் பீட்சன். முதலில் தைராய்டுச் சாற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார். கட்டி அசையவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணிடமும் கணவரிடமும் தான் செய்ய நினைப்பதைச் சொன்னார். இது புதிய முயற்சி, வழக்கமான வைத்தியத்தில் நம்பிக்கையில்லை என்பதை மறைக்காமல் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண் சம்மதித்தார். ஜூன் 15 அன்று பீட்சன் அவருடைய வயிற்றைத் திறந்து இரண்டு சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்தார். மார்புப் பக்கம் கை வைக்கவே இல்லை.

ஐந்து வாரம் கழித்துப் பார்த்தபோது கட்டி சிறுத்துத் தட்டையாகியிருந்தது, அதன் இரத்த ஓட்டமும் குறைந்திருந்தது. எட்டு மாதத்தில் கண்ணுக்கும் கைக்கும் கட்டியே அகப்படவில்லை. 1896இல் பீட்சன் இதை லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. நோய் மறுபடி தலைகாட்டியது. அறுவைக்குப் பிறகு ஏறக்குறைய நான்கு வருடம் வாழ்ந்து அவர் காலமானார்.

நோயாளியைப் பற்றி நம்மிடம் இருப்பது இவ்வளவுதான். பெயர் தெரியாத இந்த ஒருவரை வைத்து மூன்று கேள்விகள் எழுகின்றன. வயிற்றில் இருந்ததை எடுத்தால் மார்பில் இருந்தது ஏன் கரைந்தது? இதே அறுவையைப் பிறருக்குச் செய்தபோது எல்லோருக்கும் ஏன் பலிக்கவில்லை? பலித்த இவருக்கும் நோய் ஏன் திரும்பியது? மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் கிடைத்தது. ஆனால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அறுபது வருடமும், அதைச் சரியாகப் படிக்க இன்னொரு அறுபது வருடமும் ஆயின.

பீட்சனுக்குச் சினைப்பை எப்படித் தோன்றியது?

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் குருட்டாம்போக்கில் செய்யவில்லை. 1870களில் இளம் மருத்துவராக இருந்தபோது ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஸ்காட்லாந்தின் நாட்டுப்புறத்தில் தங்கியிருந்தார். அருகில் ஓர் ஆட்டுப் பண்ணை. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பால்குடி மறக்கவைப்பதைப் பார்த்தவர், பால் சுரப்பையே பட்டத்துக்கான ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். பால் சுரக்கும் மடியிலும் புற்று வந்த மார்பிலும் செல்கள் பெருகும் விதம் ஆரம்பத்தில் ஒன்றுபோல இருப்பது அவர் கண்ணில் பட்டது. பால் சுரக்கும் மடியில் அந்தச் செல்கள் கொழுப்பாக உடைந்து பாலாகின்றன. புற்றில் அப்படி நடப்பதில்லை. சில நாடுகளில் விவசாயிகள் கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் அது தொடர்ந்து பால் கொடுக்கும் என்று நம்பிச் செய்துவந்தார்கள் என்பதும் அவர் காதுக்கு வந்தது. அப்படியானால் மார்பின் செல்களை ஆட்டுவிக்கும் கயிறு சினைப்பையில் இருக்கிறது என்று முடிவு கட்டினார்.

ஹார்மோன் என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை, 1905இல்தான் வந்தது. ஓர் உறுப்பு இன்னொன்றை நரம்பு வழியாகத்தான் ஆளும் என்று பெரும்பாலோர் நினைத்த காலம். மாடு ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததைக் காது கொடுத்துக் கேட்டு, அதை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுவந்த இந்த மனிதர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. (ஜெர்மனியில் ஷின்சிங்கர் என்பவர் 1889லேயே இதே யோசனையைச் சொன்னார். செய்து பார்க்கவில்லை.)

மற்ற மருத்துவர்களும் இறங்கினார்கள். லண்டனில் ஸ்டான்லி பாய்ட் 1900இல் 54 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தார். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் பலன். மற்ற இருவருக்கு வயிற்றைக் கிழித்ததுதான் மிச்சம். யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாததால் இந்த அறுவை மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

ஆண்கள் பக்கம்

கதை இப்போது சிகாகோவுக்கு நகர்கிறது, ஆண்களுக்கு. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமர்ந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தவர் சார்ல்ஸ் ஹக்கின்ஸ். அவருக்கு உதவியவை நாய்கள். மனிதனைப் போலவே வயதானால் புராஸ்டேட் வீங்கும் விலங்கு நாய். விரைகளை எடுத்துவிட்டால் நாயின் புராஸ்டேட் சுருங்கியது. விரையில் ஊறும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டால் மறுபடி பெருத்தது.

1941இல் அவரும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோயாளிகள் எட்டுப் பேரின் இரத்தத்தை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசிட் பாஸ்படேஸ் என்ற நொதிதான் அவர்களுடைய அளவுகோல். விரைகளை எடுத்தால், அல்லது பெண் ஹார்மோன் கொடுத்தால், அது இறங்கியது. ஆண் ஹார்மோன் கொடுத்தால் ஏறியது. எலும்பு வலியில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அறுவை செய்த முதல் 21 பேரில் நான்கு பேர் 12 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். மற்றவர்களுக்கு நோய் திரும்பியது. 1966இல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிளாஸ்கோப் பெண்ணின் கதையும் சிகாகோ ஆண்களின் கதையும் ஒரே அச்சில் வார்த்தவை. ஹார்மோன் ஊறும் இடத்தை அடைத்தால் கட்டி சுருங்குகிறது, சில காலம் அடங்குகிறது, திரும்ப வருகிறது. ஆனால் ஹார்மோன் இரத்தம் வழியே உடம்பு முழுக்கத்தானே போகிறது? விரல் நுனிக்கும் போகிறது, கல்லீரலுக்கும் போகிறது. மார்பும் கருப்பையும் புராஸ்டேட்டும் மட்டும் ஏன் அதன் சொல்லைக் கேட்கின்றன?

ஐந்து பேர் கேட்ட உரை

அந்தப் பதில் ஹக்கின்ஸின் ஆய்வகத்திலேயே பிறந்தது. எல்வுட் ஜென்சன் என்ற வேதியியலாளர், கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்தைப் பொதிந்து, சினைப்பையில் ஊறும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்தார். உடம்பில் இயல்பாக இருக்கும் அளவு மிகச் சிறியது என்பதால் ஊசியின் அளவும் அப்படியே இருந்தது. அதைப் பருவமடையாத எலிகளுக்குச் செலுத்தி, ஒவ்வொரு உறுப்பிலும் எவ்வளவு தங்குகிறது என்று பார்த்தார். தசையும் கல்லீரலும் வந்ததைச் சீக்கிரமே விட்டுவிட்டன. கருப்பை பிடித்து வைத்துக்கொண்டது. பிடித்து வைத்ததை மாற்றவும் இல்லை, செலவழிக்கவும் இல்லை.

இது அந்தக் காலத்து நம்பிக்கைக்கு நேர் எதிர். ஈஸ்ட்ரோஜன் ஏதோ நொதியோடு சேர்ந்து வேதிவினையில் உருமாறித்தான் வேலை செய்கிறது என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அப்படியில்லை, செல்லுக்குள் இந்த ஹார்மோனைப் பிடிப்பதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது என்றார் ஜென்சன். அதைத்தான் நாம் ஏற்பி என்கிறோம். 1958இல் வியன்னா மாநாட்டில் அவர் இதைப் பேசியபோது அரங்கில் ஐந்தே பேர். அதில் மூன்று பேர் அந்த அமர்வின் மற்ற பேச்சாளர்கள். பக்கத்து அரங்கில், ஈஸ்ட்ரோஜனின் வேதிமாற்றம் பற்றிய உரைகளுக்கு ஆயிரம் பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள்.

பத்து வருடம் கழித்து அதே சிகாகோவில் ஷூட்சுங் லியாவ், ஆண் ஹார்மோனுக்கும் (பொதுப்பெயர் ஆண்ட்ரோஜன்) இப்படி ஓர் ஏற்பி புராஸ்டேட்டில் இருப்பதைக் காட்டினார். வேறிடத்தில் ப்ருகாவ்ஸ்கியும் வில்சனும் அதே சமயம் அதே முடிவுக்கு வந்தார்கள்.

பீட்சனின் முதல் கேள்விக்கு இதுதான் பதில். ஏற்பி ஒரு புரதம். அதன் நடுவே ஹார்மோன் உட்காரும் ஒரு குழி. ஹார்மோன் உட்கார்ந்ததும் குழியின் வாயில் இருக்கும் சுருள் ஒன்று மூடிபோல மடிந்து மூடிக்கொள்ளும். மூடியதும் வெளிப்புறத்தில் ஒரு பள்ளம் உருவாகும், அதில் துணைப் புரதங்கள் வந்து ஒட்டும். இந்தக் கூட்டம் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, வளர், பிரி என்ற கட்டளைகளுள்ள மரபணுக்களை எழுப்பிவிடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பெரும்பாலும் செல்லின் உட்கருவிலேயே காத்திருக்கும். ஆண்ட்ரோஜன் ஏற்பி வெளியே, வேறு காவல் புரதங்களின் பிடியில் இருந்து, ஹார்மோன் வந்ததும் உள்ளே ஓடும். புராஸ்டேட்டில் டெஸ்டோஸ்டிரோன் நேரடியாக உட்காருவதைவிட, டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியமான வடிவமாக மாறி உட்காருவதே அதிகம். இன்னொரு விஷயம்: ஆண்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் உடம்பை ஆணாக்கும் ஏற்பியை ஒவ்வொரு ஆணும் தன் அம்மாவிடமிருந்துதான் வாங்குகிறான்.

அந்தப் பெண்ணின் கட்டிச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நிறைய இருந்திருக்க வேண்டும். சினைப்பை போனதும் குழி காலியானது. வளரும் கட்டளை நின்றது.

மூன்றில் ஒருவர் யார்?

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தபோது நிறையப் பேர் வீண் அறுவையிலிருந்து தப்பித்தார்கள். 1950களிலும் 60களிலும் மார்பகப் புற்று முற்றிய பெண்களுக்கு அட்ரினல் சுரப்பிகளையோ மூளையடிப் பிட்யூட்டரியையோ எடுக்கும் வழக்கம் இருந்தது. சினைப்பை ஓய்ந்த பிறகும் ஹார்மோன் மிச்சமிருக்கும் ஊற்றுகள் அவை. எத்தனை கொடுமையான அறுவை! அதிலும் பலன் மூன்றில் ஒருவருக்குத்தான்.

1971இல் ஜென்சன் காட்டியது இதுதான்: கட்டியில் ஏற்பி இருந்தால் பலனுக்கு வாய்ப்பு, இல்லாவிட்டால் அநேகமாக இல்லை. 1974இல் அமெரிக்காவில் பெதஸ்டாவில் பல குழுக்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏற்பி உள்ளவர்களில் 55 முதல் 60 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. இல்லாதவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவு.

ஏற்பி இருந்தும் 40 சதவீதம் பேருக்கு ஏன் பலிக்கவில்லை? கேத்ரின் ஹார்விட்ஸும் வில்லியம் மெக்குவைரும் 1975இல் அழகான விடை ஒன்றைச் சொன்னார்கள். புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனுக்கான ஏற்பி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்தால்தான் உற்பத்தியாகும் பொருள். ஆகவே அதையும் தேடு. அது இருந்தால், மேலே உள்ள இயந்திரம் இருக்கிறது என்பது மட்டுமல்ல, ஓடிக்கொண்டும் இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கும் பயாப்ஸி (கட்டித் துண்டை எடுத்துச் சோதிப்பது) அறிக்கையில் இ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி) என்று இரண்டு வரிகள் அருகருகே வருகின்றன.

அந்த இரண்டு வரிகள் எப்படி உருவாகின்றன என்று ஒரு தடவையாவது பார்த்தவர்களுக்கு அதன்மீது தனி மரியாதை வரும். கட்டித் துண்டு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, முடியைவிடப் பலமடங்கு மெல்லிய ஏடாகச் சீவப்பட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டப்படும். ஏற்பியை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புப் பொருளை ஊற்றி, நிறமேற்றுவார்கள். நுண்ணோக்கியில் குனிந்தால் நீல வயல்; அதில் ஏற்பி உள்ள செல்களின் உட்கருக்கள் மட்டும் காப்பிப்பொடி நிறத்தில் பழுப்பாகத் தெரியும். நூறில் எத்தனை பழுப்பு, எவ்வளவு அழுத்தமான பழுப்பு என்பதுதான் கணக்கு. 2010 முதல் அமெரிக்க வழிகாட்டுதல்படி ஒரு சதவீதம் பழுப்பானாலே பாசிட்டிவ். அதற்கு முன் பல இடங்களில் 10 சதவீதம் என்று வைத்திருந்தார்கள்.

இந்தப் பழுப்பு ரொம்ப எளிதில் ஏமாற்றும். உடம்பிலிருந்து எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குள் போக வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊற வேண்டும். மார்பை முழுதாக எடுத்து, கீறிப் பிளக்காமல் அப்படியே டப்பாவில் போட்டால் ஃபார்மலின் நடுவரை போய்ச்சேராது. உள்ளே இருக்கும் கட்டி கெட ஆரம்பித்துவிடும். ஏற்பி இருந்தும் ஸ்லைடு வெறும் நீலமாக வரும்.

இது கற்பனைப் பயமல்ல. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில் 2005இல் ஒரு பெண்ணின் முடிவில் மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. அவருக்கு வந்திருந்தது லோபுலர் என்ற வகை மார்பகப் புற்று. அந்த வகையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அநேகமாக எப்போதும் இருக்கும். அவருடைய அறிக்கையோ நெகட்டிவ் என்றது. மறுபடி சோதித்தார்கள், பாசிட்டிவ். பழைய மாதிரிகளைத் தோண்டி டொரண்டோவுக்கு அனுப்பிப் பார்த்தபோது, 1997 முதல் 2005 வரை 380க்கும் மேற்பட்டவர்களுக்குத் தவறான முடிவு சொல்லப்பட்டிருந்தது தெரிந்தது. அவர்களில் பலருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அடைக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை. நூறு பேருக்கு மேல் அதற்குள் இறந்திருந்தார்கள். நீதிபதி மார்கரெட் கேமரன் நடத்திய விசாரணையின் அறிக்கை 2009இல் வந்தது. ஆய்வகத்தின் தரக் கட்டுப்பாடு அடியோடு தவறியிருந்ததை அது வரிவரியாகச் சொன்னது.

டாமாக்சிஃபென் என்ன பெரிய மருந்தா என்று கேட்டால், ஆம், பெரிய மருந்துதான். பிரிட்டனில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் 1962இல் டோரா ரிச்சர்ட்சன் தயாரித்த பொருள் அது. 1971இல் மான்செஸ்டரில் மேரி கோல் 46 முற்றிய நோயாளிகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்குக் கட்டி சுருங்கியது. அது குழியில் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் அதன் நீண்ட வால் மூடியைச் சரியாக மூடவிடாது; துணைப் புரதம் ஒட்டும் பள்ளத்தில் மூடியே போய் விழுந்துகொள்ளும். ஏற்பி உள்ள ஆரம்பநிலைப் புற்றில் ஐந்து வருடம் சாப்பிட்டால், 15 வருடத்தில் அந்த நோயால் இறப்போர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று பல்லாயிரம் பேரின் கணக்கு சொல்கிறது. ஏற்பி இல்லாதவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இதே மருந்து கருப்பையின் உட்சுவரில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொண்டு அங்கே புற்று வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது. காரணம், ஒவ்வொரு உறுப்பிலும் ஏற்பியைச் சுற்றி நிற்கும் துணைப் புரதங்கள் வேறுவேறு. மாதவிடாய் நின்றபின் இரத்தம் வந்தால் உடனே சொல்லுங்கள் என்று இந்த மாத்திரை சாப்பிடுபவர்களிடம் மருத்துவர் சொல்வது இதனால்தான்.

புராஸ்டேட் அறிக்கையில் அந்த வரி ஏன் இல்லை?

அப்பாவுக்குப் புராஸ்டேட் பயாப்ஸி எடுத்த வீட்டில் இந்தக் கேள்வி நியாயமாகவே வரும். அம்மாவின் மார்பக அறிக்கையில் ஏற்பி வரி இருந்ததே, இதில் புற்றின் தீவிரத்தைச் சொல்லும் க்ளீசன் எண் மட்டும்தானே இருக்கிறது?

விடுபட்டதில்லை. மார்பகக் கட்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கும், மிச்சத்தில் இருக்காது. ஆகவே கேட்டாக வேண்டும். சிகிச்சை தொடங்காத புராஸ்டேட் புற்றில் ஆண்ட்ரோஜன் ஏற்பி அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். கேட்டும் கேட்காமலும் பதில் ஒன்றுதான்.

அதைவிட முக்கியம், புராஸ்டேட்டில் ஏற்பி வேலை செய்கிறதா என்று பார்க்க ஸ்லைடே வேண்டாம். புராஸ்டேட் செல்கள் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை இரத்தத்தில் அவ்வப்போது அளக்கிறோமே, அந்தப் புரதத்தின் மரபணுவை எழுப்புவதே ஆண்ட்ரோஜன் ஏற்பிதான். மார்பில் புரோஜெஸ்டிரோன் ஏற்பி என்ன சாட்சி சொல்கிறதோ, அதே சாட்சியை இங்கே பி.எஸ்.ஏ. சொல்கிறது, அதுவும் கையில் எடுத்த ஒரு குப்பி இரத்தத்திலேயே. இந்த ஒப்புமையைப் புரிந்துகொண்டால் மூன்றாவது கேள்வியின் கதவு திறக்கும்.

நோய் ஏன் திரும்பியது?

நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில்: கட்டிக்கு இனி ஹார்மோன் தேவையில்லாமல் போய்விட்டது. ஆங்கில நூல்களிலும் இந்த நிலைக்கு, ஹார்மோனைச் சட்டை செய்யாத புற்று என்ற பொருளில்தான் பெயர் இருந்தது. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்தில் கிடக்கும்போதே பி.எஸ்.ஏ. ஏறுகிறது. பி.எஸ்.ஏ. ஏறுகிறது என்றால் ஏற்பி விழித்திருக்கிறது என்றுதானே பொருள்? சாட்சி கண்முன் நின்றும் அதைப் பல வருடம் சரியாகப் படிக்கவில்லை.

முதல் துப்பு மருந்தை நிறுத்தியபோது கிடைத்தது. ஃபுளூட்டமைட், ஆண்ட்ரோஜன் ஏற்பியின் குழியை அடைக்கும் மருந்து. அதைச் சாப்பிட்டுக்கொண்டே பி.எஸ்.ஏ. ஏற ஆரம்பித்தவர்களுக்கு அந்த மாத்திரையை நிறுத்தினால் சிலருக்குப் பி.எஸ்.ஏ. இறங்கியது! 1993இல் நியூயார்க்கில் கெல்லியும் ஷெரும் இதைத் தெளிவாகப் பதிவு செய்தார்கள். விளக்கம் ஆய்வகத்தில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. ஒரு புராஸ்டேட் புற்றுச் செல் வரிசையில், குழியின் சுவரில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் ஃபுளூட்டமைட் பூட்டாக இல்லாமல் சாவியாகிவிட்டது. அடைக்க வந்த மருந்தே தீனியானது.

அதன் பின் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 1995இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள், சிகிச்சைக்குப் பின் திரும்பிய கட்டிகளில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் ஏற்பியின் மரபணுவே பல பிரதிகளாகப் பெருகியிருப்பதைக் கண்டார்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த மாதிரிகளில் அது இல்லை. ஹார்மோன் குறைந்தால் என்ன, கேட்கும் காதுகளைக் கூட்டிக்கொண்டது கட்டி. 2004இல் சார்ல்ஸ் சாயர்ஸ் குழு, ஏற்பி கூடுவது மட்டுமே எதிர்ப்புக்குப் போதும் என்றும், அந்த நிலையில் பழைய அடைப்பு மருந்துகள் ஊக்கிகளாக மாறுகின்றன என்றும் காட்டியது. இந்த அறிவிலிருந்து பிறந்ததுதான், ஏற்பியை ஊக்காமல் அடைக்கும் என்சலூட்டமைட் என்ற மருந்து. கட்டி தனக்கு வேண்டிய ஆண்ட்ரோஜனைத் தானே சமைத்துக்கொள்வதும், அட்ரினலிலிருந்து கடன் வாங்குவதும் தெரிந்தது. அந்தச் சமையலை நிறுத்தும் அபிராட்டெரோன் என்ற மருந்து 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கீமோவும் பார்த்துவிட்ட நோயாளிகளில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலத்தை அளந்தார்கள்: ஓர் ஆய்வின் முதல் கணக்கெடுப்பில் அபிராட்டெரோன் எடுத்தவர்களுக்கு 14.8 மாதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 10.9 மாதம்; இன்னோர் ஆய்வில் என்சலூட்டமைட்டுக்கு 18.4, வெற்று மாத்திரைக்கு 13.6. இனி ஹார்மோன் வழியில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்டிருந்தவர்கள் இவர்கள். இந்தச் சில மாதங்கள், கட்டி அதுவரை ஏற்பியை நம்பியே பிழைத்திருந்தது என்பதற்கு ஆதாரம்.

கட்டியும் சும்மா இருக்கவில்லை. அபிராட்டெரோனோடு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். சிலருடைய ஏற்பியின் அமினோ அமில வரிசையில் 702ஆம் இடத்தில் ஏற்படும் மாற்றம் அந்தப் பிரெட்னிசோலோனையே ஆண் ஹார்மோனாக எடுத்துக்கொள்ள வைக்கிறது. அதைவிடத் துணிச்சலானது ஏ.ஆர்.-வி7 என்ற குட்டை ஏற்பி. ஹார்மோன் உட்காரும் குழியையே வெட்டி எறிந்துவிட்டு, டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, யார் கட்டளையும் இல்லாமல் எப்போதும் வேலை செய்யும். குழியில்லாதபோது குழியை அடைக்கும் மருந்து எங்கே உட்காரும்? 2014இல் அன்டோனராகிஸ் குழு 62 நோயாளிகளின் இரத்தத்தில் மிதக்கும் புற்றுச் செல்களைச் சோதித்தது. என்சலூட்டமைட் எடுத்த 31 பேரில் 12 பேரிடமும், அபிராட்டெரோன் எடுத்த 31 பேரில் 6 பேரிடமும் இந்தக் குட்டை ஏற்பி இருந்தது. அந்த 18 பேரில் ஒருவருக்குக்கூட பி.எஸ்.ஏ. குறிப்பிடும்படி இறங்கவில்லை.

மார்பகத்தில் இதன் உடன்பிறப்பை 2013இல் கண்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொழுப்புத் திசுவில், அரோமடேஸ் என்ற நொதியால் உருவாகிறது. அதை அடைக்கும் மாத்திரையை நெடுநாள் எடுத்தவர்களின் பரவிய கட்டிகளில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் 537, 538ஆம் இடங்களில் மாற்றங்கள் தெரிந்தன. அந்த இடங்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? முன்பு சொன்ன மூடிச் சுருளின் கீல் பக்கத்தில். ஹார்மோன் இல்லாமலேயே மூடி மூடிக்கொள்கிறது. முதன்முதலில் எடுக்கும் கட்டியில் இது மிக அரிது. சிகிச்சையின் அழுத்தத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு மேலே வருவது. பெரும்பாலோரிடம் ஏற்பி தொலைந்துபோவதில்லை, உருமாறுகிறது. என் கருத்தில் இந்த ஆய்வு முழுவதிலும் மிக முக்கியமான செய்தி இதுதான். திரும்பி வந்த நோய்க்குப் பழைய பயாப்ஸி அறிக்கையை வைத்துக்கொண்டு மருந்து எழுதக்கூடாது என்பதும், முடிந்தால் புதிதாகத் திசு எடுங்கள் என்பதும் இதிலிருந்து நேராக வருகின்றன. மாறிப்போன ஏற்பியை அழிக்கவல்ல எலாசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரை 2023 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குத் தகுதியா என்று பார்க்க இரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைச் சோதித்தால் போதும்.

அந்தப் பெண் இன்று வந்தால்

நெஞ்சுச் சுவரில் ஒட்டிய அந்தக் கட்டியிலிருந்து ஊசியால் ஒரு துண்டு எடுப்பார்கள். இரண்டு மூன்று நாளில் ஸ்லைடு தயாராகும். உட்கருக்கள் பழுப்பாக இருந்தால், செல் வளர்ச்சியைத் தூண்டும் எச்.இ.ஆர்.2 என்ற வேறொரு புரதம் நெகட்டிவாக இருந்தால், மாதம் ஒரு ஊசி. மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் தூண்டுதலை அது நிறுத்திவிடும். அதோடு அரோமடேஸ் அடைப்பானும், செல் பிரிவதைத் தடுக்கும் ரைபோசைக்ளிப் போன்ற ஒரு மாத்திரையும். மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களிடம் மட்டுமே நடந்த ஆய்வொன்றில், ரைபோசைக்ளிப் சேர்த்தபோது பாதிப்பேர் 58.7 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். சேர்க்காதபோது அது 48 மாதம்.

வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் 33 வயதில் ஏற்பியோடு பரவிய மார்பகப் புற்று என்றால், சிகிச்சைத் தாளில் எழுதப்படும் முதல் வரிகளில் ஒன்று இன்றும் பீட்சன் எழுதியதுதான்: சினைப்பையை நிறுத்து.